கன்ஃபார்மிட்டி: ‘இணக்கம்’ வேண்டாம், ‘ஒத்துப்போதல்’ போதும்

அனைவருக்கும் வணக்கம்.

நம் உளவியல் கலைச்சொல் பட்டியலுக்காக கன்ஃபார்மிட்டி (conformity) என்ற சொல்லுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். சுற்றியிருக்கும் குழுவைப் பார்த்து ஒருவர் தன் கருத்தையோ நடத்தையையோ அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் அது. அதற்கு ‘இணக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் கேட்டுக்கொண்டால்தான் நாம் இணங்குகிறோம், ‘வற்புறுத்தியதால் இணங்கினார்’ என்பது அன்றாடப் பேச்சு. உளவியலில் அதற்கு கம்ப்ளையன்ஸ் என்று தனிப்பெயரே இருக்கிறது, ‘இணங்குதல்’ அதற்குத்தான் சரி. அதிகாரம் உள்ளவர் சொல்லிச் செய்தால் அது கீழ்ப்படிதல். ஆய்வாளர் சொன்னதற்காக இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி மக்கள் பொத்தானை அழுத்தினார்களே, உளவியலாளர் மில்கிராம் 1963இல் வெளியிட்ட அந்த ஆய்வு இந்த வகை. நாம் பெயர் தேடும் விஷயத்திலோ கேட்பவரும் இல்லை, ஆணையிடுபவரும் இல்லை.

உளவியலாளர் ஆஷ் 1950களில் செய்த சோதனையைப் பாருங்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஆய்வாளரின் ஆட்கள், அந்த ஒருவருக்கு முறை கடைசிப் பக்கமாகத்தான் வரும். 18 சுற்றுகளில் 12இல் மற்றவர்கள் அத்தனை பேரும் ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் நூற்றில் ஒன்றுகூடத் தவறாத கேள்வி அது. அப்படியிருந்தும் அந்தச் சுற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு விடை கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது, முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது சாய்ந்தார்கள். ‘நீயும் இதையே சொல்’ என்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைப் போய் ‘இணங்கினார்’ என்று எழுதினால், வற்புறுத்தியது யார் என்று படிப்பவர் தேடுவார்.

அடுத்து ‘ஒட்டொழுகல்’ என்ற பரிந்துரை. குறள் 140இல் ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்று வருவதிலிருந்து எடுத்த சொல், கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் வள்ளுவர் அதை ஒழுக்கமுடைமையில் வைத்து, கற்க வேண்டியது என்கிறார். அந்த மெச்சல் சொல்லோடு கூடவே வந்துவிடும். ஆய்வில் பயன்படும் சொல்லில் பாராட்டும் கூடாது, ஏச்சும் கூடாது (‘மந்தைத்தனம்’ வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான்). தவிர, ஒழுகல் என்பது நடத்தை. ஒரு கோட்டின் நீளத்தைப் பற்றி ஒருவர் சொல்லும் முடிவை அதில் எப்படி அடக்குவது?

‘ஒத்துப்போதல்’ ஏற்கனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஒத்துப்போனார், ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகாமை என்று எந்த வடிவம் வேண்டுமானாலும் சிரமமில்லாமல் வரும். ‘அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போகாது’ என்ற இன்னொரு பொருள் குறுக்கிடும் என்பது உண்மைதான். முதல் தடவை ‘குழுவோடு ஒத்துப்போதல்’ என்று எழுதிவிட்டால் அப்புறம் குழப்பம் வராது.

இன்னொரு வசதியும் உண்டு. உளவியலாளர் ஷெரிஃப் 1935இல் வெளியிட்ட சோதனையில், இருட்டறையில் அசையாத ஒளிப்புள்ளி ஒன்று அசைவதுபோல் கண்ணுக்குத் தோன்றும், எவ்வளவு அசைந்தது என்று சொல்ல வேண்டும். குழுவாகச் சொன்னபோது மதிப்பீடுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன, பிறகு தனியாகக் கேட்டபோதும் அவர்கள் அந்தக் குழு அளவையே பிடித்துக்கொண்டார்கள். ஆஷ் சோதனையிலோ விடையைத் தனியே எழுதித் தரச் சொன்னதும் சாய்வு வெகுவாகக் குறைந்துவிட்டது. முன்னதில் நம்பிக்கையே மாறுகிறது, பின்னதில் பெரும்பாலும் வாய் மட்டும் மாறுகிறது. அக ஒத்துப்போதல், புற ஒத்துப்போதல் என்று பிரித்தால் தமிழ் படித்த எவருக்கும் விளக்கமே தேவையில்லை.

மனிதர்கள் ஒத்துப்போவதற்கான காரணங்களை 1955இல் உளவியலாளர்கள் டாய்ச்சும் ஜெரார்டும் இரண்டாகப் பிரித்தார்கள். மற்றவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும் என்று நம்புவதால் வருவது ஒன்று, அதற்குத் ‘தகவல்வழித் தாக்கம்’ பொருந்தும். மற்றவர்கள் நம்மை ஏற்க வேண்டும், ஒதுக்கிவிடக் கூடாது என்பதால் வருவது மற்றொன்று. இதற்கு ‘நெறிவழித் தாக்கம்’ என்று இங்கே ஒருவர் முன்வைத்தார். நெறி என்றாலே அறம் நினைவுக்கு வருவதால் எனக்குத் தயக்கம். ‘ஏற்புவழித் தாக்கம்’ என்று வைக்கலாமா? இன்னும் தெளிவாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், பட்டியலில் சேர்ப்பதற்குள் இதை முடிவு செய்துவிடலாம்.