ஈரக்காற்று பட்டால் வீட்டுக் கணினி கெட்டுப்போகுமா?

காட்பாடிக்காரன்:
தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து கணினியைப் போட்டேன். மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடையில் மூடியைத் திறந்த உடனேயே "மழைக்காலம் சார், ஈரக்காத்து பட்டு மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்கிறார்கள். வீட்டில் ஒழுகல் கிடையாது. வெறும் காற்று ஒரு போர்டைக் கெடுக்குமா?

பாலாற்றங்கரை:
கெடுக்காது. வேலூரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல். கோடையில் 40 டிகிரியைத் தாண்டிக் காய்கிற ஊர் இது. இங்கே கணினிக்கு எமன் வெயில், தூசி, அப்புறம் ஏறி இறங்குகிற கரண்ட். ஐப்பசி மழையில் 25 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்றே வைத்துக்கொள்வோம். ஓடுகிற கணினிக்குள் அதே காற்று 40 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். காற்றில் உள்ள நீர் குறைவதில்லை. சூடான காற்று இன்னும் அதிக நீரைத் தாங்கும், அவ்வளவுதான். 80, 90 சதவீதம் வரை ஓட்டலாம், நீர்த்துளியாகப் படியாமல் இருந்தால் போதும் என்று பல கணினிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. சோதிக்காமல் போர்டை மாற்றச் சொல்கிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சத்துவாச்சாரி சர்வீஸ்:
அண்ணா, உங்கள் கணக்கு ஓடுகிற கணினிக்குச் சரி. தம்பியுடையது அணைந்து கிடந்தது. உள்ளே சூடு ஏது? அறையில் இருக்கிற ஈரம்தான் உள்ளேயும். மழைக்கால விடுமுறை முடிந்ததும் எங்கள் மேசைக்கு இப்படித்தான் வரும்: விசிறி சுற்றும், டிஸ்பிளே வராது. ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் ரப்பரில் கருப்பாக ஒட்டி வரும். திரும்பச் செருகினால் பல கணினிகள் அங்கேயே எழுந்துவிடும். தூசி ஈரத்தைக் குடிக்கும். அதுதான் கோளாறு.

பாலாற்றங்கரை:
அப்படியென்றால் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் ஒரு கணினியும் மிஞ்சியிருக்கக் கூடாதே! நீங்கள் சொல்வது அழுக்குப் பிடித்த தொடர்பு. போர்டு சாகவில்லை. காற்று மிகவும் வறண்டாலும் ஆபத்துதான், உடம்பில் ஏறுகிற நிலைமின்சாரம் சிப்பையே கொன்றுவிடும். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

பேரணாம்பட்டு வாசி:
நம் பக்கத்துக் காற்றை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை. டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அங்கே வருகிற அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. அது செம்பையும் வெள்ளியையும் கருக்க வைக்கும். 2006இல் ஐரோப்பா ஈயம் (லெட்) கலந்த சால்டருக்குத் தடை போட்ட பிறகு பல போர்டுகளுக்கு வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகக் காற்று உள்ள இடங்களில் அந்தப் போர்டுகளில் கருப்புப் படலம் ஊர்ந்து, கரண்ட் ஓடுகிற ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டைத் தொட்டுவிடுகிறது. ஈரம் சேர்ந்தால் வேகம் கூடும். அதனால்தான் ஆஷ்ரே (ASHRAE) என்கிற குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பின் 2021 வழிகாட்டுதல், சர்வர் அறையில் காற்று சுத்தமாக இருந்தால் 70 சதவீத ஈரப்பதம் வரையிலும், அரிக்கும் வாயு இருந்தால் 50 வரையிலும்தான் இருக்கலாம் என்கிறது.

காட்பாடிக்காரன்:
எங்கள் தெருவில் டேனரி இல்லை. ஆனால் உள்ளே விசிறி இதழ்களிலும் ரேம் பக்கத்திலும் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. தொட்டால் பிசுபிசுக்கிறது. கோடை முழுக்க ஏர் கூலர் மேசைக்கு நேராக ஓடியது. போர் தண்ணீர்தான்.

சத்துவாச்சாரி சர்வீஸ்:
அதைச் சொல்லுங்க தம்பி! அது உப்பு. கூலர் பேடிலிருந்து தெறிக்கிற நுண்துளி காய்ந்தால் அதிலிருக்கிற உப்பு அப்படியே படியும். தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுப் போட்டே பாலாற்றுப் பக்கம் எத்தனையோ கிணறுகளில் தண்ணீர் கெட்டது ஊரறிந்த விஷயம். சாப்பாட்டு உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கரைந்துவிடும். கரைந்த உப்பில் கரண்ட் பாயும், செம்பு பச்சை பூக்கும்.

பாலாற்றங்கரை:
அப்போது குற்றவாளி உப்பும் கூலரும். காற்று இல்லை. காற்றைக் குற்றம் சொன்னால் மக்கள் சிலிகா ஜெல் பொட்டலம் வாங்கி உள்ளே போடுவார்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கிற கேபினெட்டில் அது வெகு சீக்கிரம் நிறைந்து பயனற்றுப் போகும். வியாதி ஒன்று, மருந்து ஒன்று!

சத்துவாச்சாரி சர்வீஸ்:
அதே உப்பு கோடை முழுக்க உள்ளேதான் இருந்தது, கணினியும் ஓடியது. மழை ஈரத்தில் அணைந்து கிடந்த பிறகுதான் நின்றது. காற்றுக்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

பாலாற்றங்கரை:
பங்கு உண்டு, தனியாக அல்ல. ஏசி போட்டுக் குளிர்ந்த அறையில் ஜன்னலைத் திறந்து மழைக்காற்றை விட்டால் கேபினெட் தகரத்தில் வியர்க்குமே, அந்த ஓர் இடத்தில் மட்டும் காற்று தனியாகவே கெடுக்கும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

சத்துவாச்சாரி சர்வீஸ்:
சரி, காரணத்தை அப்புறம் பேசுவோம். தம்பி, இப்போதைக்குக் கரண்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உப்பு ஈரமாக இருக்கும்போது கொடுத்தால்தான் போர்டு நிஜமாகவே போகும். பட்டன் பேட்டரியைக் கழற்றுங்கள். உப்பு ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது, அதனால் முதலில் காய்ச்சி வடித்த நீரைத் தூரிகையில் தொட்டு உப்பை எடுங்கள், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். ரேமைத் தேய்த்துச் செருகிப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் போர்டு மாற்றுவதைப் பற்றிக் கடைக்காரரிடம் பேசலாம்.