சிங்கராஜ வனத்தில் விலங்குகள் கண்ணில் படாதது ஏன்?

தேன்சிட்டு (கேள்வி):
பெப்ரவரியில் குடும்பத்துடன் இலங்கை செல்கிறோம். சிறுத்தைகளுக்குப் பெயர்பெற்ற யால தேசியப் பூங்காவில் சஃபாரிக்குப் பிறகு, சிங்கராஜ மழைக்காட்டில் குடாவ வாயில் வழியாக ஒரு காலை நடைக்குத் திட்டமிட்டிருக்கிறோம். அங்கே போய்வந்த உறவினர் ஒருவர், மரங்களையும் அட்டைகளையும் தவிர எதையும் பார்க்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். வழிகாட்டி உடன் வந்தும் அப்படி ஆவது ஏன்? எதைத் தேடி நடக்க வேண்டும்?

கரிச்சான்:
யாலவின் கணக்கை இங்கே கொண்டுவந்தால் ஏமாற்றமே மிஞ்சும். சிறுத்தை சிங்கராஜவிலும் உண்டு. ஆனால் அடர்ந்த காட்டில் அதைக் காண்பது மிக அரிது. இங்கே எதிர்பார்க்க வேண்டியது பறவைக் கூட்டத்தை. பல இனங்கள் ஒன்றுசேர்ந்து இரை தேடும் இக்கூட்டங்களைப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் பிறரும் நீண்டகாலம் ஆராய்ந்துள்ளனர். ஒரு கூட்டத்தில் சராசரியாக 11, 12 இனங்களும் 40 பறவைகளும் இருப்பதாக அவர்கள் பதிவு செய்தனர். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் ஓயாமல் சளசளத்தபடி முன்னே நகர, கொண்டைக் கரிச்சான் அவற்றோடு சேர்ந்து, அவை கலைத்துவிடும் பூச்சிகளைப் பிடிக்கும். ஆபத்து வந்தால் முதலில் கத்துவதும் பெரும்பாலும் அதுவே. ஆகவே அந்தச் சளசளப்புக் கேட்டதும் நடையை நிறுத்திவிடுங்கள். செம்முகப் பூங்குயிலும் நீல மக்பையும் அக்கூட்டத்துடனேயே வரக்கூடும். கூட்டம் கடந்துவிட்டால் காடு மீண்டும் வெறிச்சோடியதுபோல் தோன்றும். உங்கள் உறவினர் அந்த இடைவெளியில்தான் நடந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஈரநிலம்:
மேலே மட்டும் பார்த்து நடக்க வேண்டாம் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். மூக்கின் நுனியில் உருண்டையான குமிழ் கொண்ட ஓர் ஓணான் அங்கே உண்டு. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இடுப்பளவு உயரத்தில் மரத்தண்டோடு ஒட்டி அசையாமல் நிற்பதால், வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டிய பிறகும் பாசிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியச் சற்று நேரமாகும். 1995இல் குரல் மட்டும் கேட்கப்பட்டு, 2001இல் நேரில் காணப்பட்டு, 2004இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட செரண்டிப் சிற்றாந்தையும் பகலில் தாழ்ந்த புதர்களுக்குள்தான் உறங்கும். அது உறங்கும் இடம் அனுபவமுள்ள வழிகாட்டிக்குத் தெரிந்திருக்கலாம். புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மலைமுகடு:
ஒரு வேண்டுகோள். சில வழிகாட்டிகள் கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பார்கள். பறவை வரும் என்பது உண்மைதான். ஆனால் எதிரி தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதாக எண்ணி இரையை விட்டுவிட்டு வருகிறது. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இருநோக்கி வாங்குவதாயின் 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். 12 மடங்கு பெருக்கும் கருவி கையில் நடுங்குவதோடு, காட்டின் இருட்டில் படமும் மங்கலாகத் தெரியும். அட்டைக்குக் காலுறை கட்டாயம். நண்பகலுக்குப் பிறகு மழை வர வாய்ப்பு அதிகம் என்பதால், வாயில் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள்.