இரண்டு தராசில் நிறுத்தால் மொத்தம் குறைகிறது: கன்கரன்சியை எங்கிருந்து படிப்பது?

கோத்தகிரி_கோடர்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை கொள்முதலுக்கு எடை பதியும் செயலி எழுதுகிறேன். ஜாவா சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தராசுக்கு ஒரு ஆண்ட்ராய்டு போன். ஒரே விவசாயியின் மூட்டைகளை இரண்டு தராசில் ஒரே நேரத்தில் போட்டால் சில சமயம் மொத்தம் குறைகிறது. சிக்னல் போய்த் திரும்பினாலோ அதே எடை இரண்டு முறை ஏறுகிறது. கன்கரன்சியை (பல வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே தரவைத் தொடுவது) அடிப்படையிலிருந்தே படிக்க நினைக்கிறேன். எங்கே தொடங்கலாம்?

குன்னூர்_த்ரெட்:
இவை இரண்டும் வேறு வேறு சிக்கல். முதலில் எடை குறைவதைப் பாருங்கள். கணக்கில் 120 கிலோ இருக்கிறது. சர்வரில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட்டும் (தனித்தனி வேலை ஓட்டம்) 120 என்றே படிக்கின்றன. ஒன்று 18 கூட்டி 138 என்று எழுதுகிறது, மற்றது 24 கூட்டி 144 என்று அதன்மேல் எழுதுகிறது. வரவேண்டியது 162, 18 கிலோ போயே போச்சு. ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காத கட்டளைத் தொகுப்பு) வைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸின் இயல்பு நிலையான ரீட் கமிட்டெட் (கமிட் ஆன, அதாவது உறுதியாகப் பதிந்த தரவை மட்டும் படிக்கும் முறை) இதைத் தடுக்காது. கூட்டலை அப்டேட் கட்டளைக்குள்ளேயே செய்யுங்கள். அதைவிட நல்லது, டேபிளில் மொத்தம் என்ற நெடுவரிசையே வேண்டாம்: ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு பதிவு வரிசை சேர்த்து, கேட்கும்போது கூட்டிக்கொள்ளுங்கள்.

படிப்புக்கு: ஜாவாவில் இரண்டு த்ரெட், பொதுவான ஒரு எண், ஆளுக்குப் பத்து லட்சம் முறை ஒன்று கூட்டட்டும். பெரும்பாலும் இருபது லட்சம் வராது. ஓட்டும்போதெல்லாம் வேறு எண் வரும். அடுத்து அந்த எண்ணுக்கு வோலடைல் என்ற ஜாவா குறிச்சொல் போட்டுப் பாருங்கள். அப்போதும் தீராது. அது புதிய மதிப்பைக் கண்ணில் காட்டுமே தவிர, படித்து-கூட்டி-எழுதுவதை ஒரே செயலாக்காது. அட்டாமிக் இன்டிஜர் (இடையில் யாரும் புகாமல் ஒரே செயலாகக் கூட்டும் எண்) அல்லது லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) தான் வழி. இதை உடைத்துப் பார்க்காமல் டிஸ்ட்ரிபியூட்டட் (பல கணினிகள் சேர்ந்து செய்யும் வேலை) பக்கம் போகாதீர்கள்.

லாக் பழகியதும் டெட்லாக் வரும்: ஒன்றின் பூட்டுக்காக மற்றது காத்து இரண்டு த்ரெட்டும் நின்றுவிடும். ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு எடையை மாற்றும்போது இரண்டு லாக் வேண்டும். எப்போதும் சிறிய உறுப்பினர் எண்ணையே முதலில் பூட்டுங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பதைப் போல, வரிசை முன்கூட்டியே முடிவாகிவிட்டால் முட்டிக்கொண்டு நிற்கும் நிலையே வராது. போஸ்ட்கிரெஸ் 1 விநாடி பொறுத்துச் சோதித்து ஒரு பக்கத்தை ரத்து செய்துவிடும். ஜாவா லாக் அப்படியே தொங்கும். ஜேஸ்டாக் என்ற ஜாவா கருவியை ஓட்டினால் எது எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரியும்.

கூடலூர்_நோட்:
இரண்டு முறை ஏறுவது பற்றி. டைம்அவுட் ஆனால் கோரிக்கை போகவில்லையா, போய்ப் பதிவாகிப் பதில்தான் வரவில்லையா என்று போனுக்குத் தெரியவே தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டடில் தலைவலியெல்லாம் இங்கேதான் ஆரம்பம். மறுபடி அனுப்பத்தான் வேண்டும். அனுப்பினாலும் கெடாதபடி சர்வரை எழுதுங்கள். எடை பதிந்த கணமே போனில் ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத தனி அடையாள எண்) உண்டாக்கிச் சேமித்துவிட்டு, பிறகு அனுப்புங்கள். சர்வரில் அதற்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை பதியாது). இரண்டாம் முறை வந்தால் பிழை காட்டாமல் முதல் முறை தந்த பதிலையே தாருங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் புது யூயூஐடி போட்டால் எல்லாம் வீண்.

மறுமுயற்சி இடைவெளி 1, 2, 4, 8 விநாடி என்று கூடட்டும், அதோடு கொஞ்சம் தற்செயல் நேரமும் சேருங்கள். இல்லாவிட்டால் டவர் உயிர் பெற்றதும் எல்லா போனும் ஒன்றாகப் பாயும்.

கோத்தகிரி_கோடர்:
நன்றிங்க. யூயூஐடிக்குப் பதில் விவசாயி, எடை, போன் நேரம் மூன்றும் ஒத்தால் நகல் என்று கொள்ளலாமா?

கூடலூர்_நோட்:
வேண்டாம். ஒரே ஆள் அடுத்தடுத்து 20 கிலோ மூட்டை இரண்டு கொண்டுவரலாம். போன் கடிகாரத்தையும் நம்ப முடியாது, பின்னால்கூடப் போகும். எது முன், எது பின் என்று வேண்டுமானால் போனுக்கு ஒரு எண்ணி வைத்து, நிறுவைக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். இரண்டு போன்களுக்கு இடையே வரிசை தேவைப்பட்டால் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் சொன்ன முறை இருக்கிறது: செய்தியில் வந்த எண், தன் எண் இரண்டில் பெரியதோடு ஒன்று கூட்டிக்கொள்வது. உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

குன்னூர்_த்ரெட்:
ராஃப்டும் (பல சர்வர்களை ஒரே முடிவுக்கு ஒத்துப்போக வைக்கும் முறை) இப்போதைக்கு வேண்டாம். ஐந்து சர்வர் வைத்து இரண்டு விழுந்தாலும் ஓட வேண்டிய நிலை வரும்போது படிக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பற்றி எம்ஐடி பல்கலைக்கழகத்தின் 6.824 (இப்போது 6.5840) பாட வீடியோக்கள் இலவசம், பயிற்சிகள் கோ மொழியில். மேப்ரெட்யூஸ் (பெரிய வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்து விடையைச் சேர்ப்பது) பயிற்சியில் ஆரம்பியுங்கள்.

கூடலூர்_நோட்:
சோதிக்கும்போது டேட்டாபேஸில் கமிட் ஆன பிறகு, பதில் அனுப்பும் முன் சர்வரைக் கொன்றுவிடுங்கள். போனில் சேமி அழுத்தியதும் ஃப்ளைட் மோட் போட்டும் பாருங்கள். இரண்டிலும் போன் மறுபடி அனுப்பிய பிறகு அந்த நிறுவைக்குப் பதிவு வரிசை ஒன்றுதான் இருக்க வேண்டும்.