பாடசாலை தொழிற்கல்விக்கு ஆலோசனைக் குழு: யாரைச் சேர்ப்பது?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
எங்கள் பாடசாலையில் இலங்கை அரசின் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்கல்விப் பிரிவு நடக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையாத பிள்ளைகளும் இதில் 12ஆம் தரத்துக்கு வரலாம். வியாபாரிகளைச் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு அமைக்கச் சொல்லி அதிபர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். முதல் கூட்டத்துக்கு வந்த முதலாளிமார், "கொம்பியூட்டர் ஏதும் வேணுமா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரவில்லை. என்ன செய்யலாம்?

பஞ்சிகாவத்தை கராஜ்:
டீச்சர், முதலாளிமாரிடம் நன்கொடை கேட்பது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வேலை. உங்கள் குழுவுக்கு வேண்டியவர் பையன்களிடம் நேரே வேலை வாங்குகிறவர். பட்டறையென்றால் தலைமை மெக்கானிக், ஹோட்டலென்றால் சமையலறைப் பொறுப்பாளர். யாரை வைத்துக்கொள்வது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று அவருக்குத்தான் தெரியும்.

என்னிடம் வருகிற பிள்ளைகள் எஞ்சின் பாகங்களை வரிசையாக ஒப்புவிப்பார்கள். ஆனால் இப்போது வாசலில் நிற்பது அக்குவா, பிரியஸ் மாதிரி பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் வண்டிகள். பழுதைக் காட்டும் ஸ்கேனரைச் செருகி, திரையில் வருகிற குறியீட்டைப் பார்த்து ஜொப் கார்ட்டில், அதாவது வேலை விவரம் எழுதும் அட்டையில், எழுதத் தெரிய வேண்டும். பெரிய பெட்டரியைத் தொடுவதற்கு முன் மின்காப்புக் கையுறை போட்டு, மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, சில நிமிடம் பொறுக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. அப்புறம் சிங்களம். வண்டிக்காரர் வந்து "என்ன பிழை?" என்று கேட்டால், தமிழ்மொழி மூலம் படித்த கெட்டிக்காரப் பையன்கூட வாயடைத்து நிற்கிறான். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

அதனால் எங்களைக் கூப்பிட்டு "ஆலோசனை சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பாடத்திட்டத்தைப் பிரதியெடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். எது பழசு, எது குறை என்று சிவப்புப் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தை, அதில் எதை மாற்றினீர்கள் என்று சொல்லித் தொடங்குங்கள். சொன்னது நடக்கிறது என்று தெரிந்தால் வேலையை விட்டுவிட்டும் வருவோம். நேரம் காலை ஏழரை நல்லது. வெள்ளி வேண்டாம், ஜும்ஆ இருக்கிறது. தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்தின வாரங்களில் புறக்கோட்டையிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர், வெள்ளவத்தை:
தம்பி சொல்வது சரி. ஆனால் முதலாளியை முழுக்க விடவும் முடியாது. பிள்ளையைப் பயிற்சிக்கு எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். இன்னொன்று, பிள்ளைகள் பெறும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழின் (NVQ) நியமங்கள் நாடு முழுவதற்கும் பொது. டீச்சரால் அதை மாற்ற முடியாது. செய்முறை வகுப்பில் ஹைபிரிட் பாதுகாப்பையும் தொழிலுக்கான சிங்களத்தையும் சேர்க்கலாம். மற்றதை மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டும்.

அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டின் பேர்கின்ஸ் சட்டப்படி, மத்திய அரசின் தொழிற்கல்வி நிதி வேண்டுமானால் இரண்டு வருடத்துக்கொருமுறை உள்ளூர்த் தேவையை மதிப்பிட வேண்டும்; அதில் தொழில்துறையினரையும் கலந்துகொள்ள வேண்டும். கேட்பது அங்கே கடமை.

வயதையும் கவனியுங்கள். இங்கே வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இல் 16 ஆனது; ஆபத்தான வேலைக்கு 18. ஆகவே உயர் மின்னழுத்த பெட்டரியைப் பார்த்துப் படிக்கட்டும், கை வைக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:
நன்றி சேர், நன்றி அண்ணா. கராஜில் எழுதும் ஜொப் கார்ட் மாதிரி ஒன்று கிடைக்குமா? வகுப்பில் எழுதிப் பழக்கலாம்.

பஞ்சிகாவத்தை கராஜ்:
ஒரு கட்டே தருகிறேன். சிங்களத்தில் நிரப்பினது கொஞ்சம், வெற்றாக கொஞ்சம். செவ்வாய் காலை யாரையாவது அனுப்புங்கள்.