ஜிப்சியின் முன் சேசிஸ் இத்துப்போயிருக்கிறது, ஒட்டுப்போட்டால் தாங்குமா?

தேரிக்காட்டான்:
வணக்கம். 2001 மாருதி ஜிப்சி கிங் ஜீப், எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் பீச்சுகிற இன்ஜின்) வண்டி. அப்பா வாங்கியது. பன்னிரண்டு வருடம் உவரியில் கடலைப் பார்த்தபடி ஓலைக் கொட்டகைக்குள் நின்றது. எனக்குத் திருநெல்வேலியில் வேலை கிடைத்ததும் தாமிரபரணிக் கரையிலுள்ள சிந்துபூந்துறைக்குக் கொண்டுவந்தேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பம்பர் மூழ்க இரண்டு நாள் நின்றது. இன்ஜினுக்குப் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, ஓட்டத்தில் குறையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முன் பம்பரைக் கழற்றினேன். ஒரு போல்ட் கழலவில்லை, பிடித்திருந்த இரும்போடு பிய்ந்து கையோடு வந்துவிட்டது. வலது பக்க சேசிஸ் சட்டத்தின் (வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம்) அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே ஈர மண். மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது, அதுதான் புரியவில்லை. ரேடியேட்டரைப் பிடித்திருக்கிற தகரமான ரேடியேட்டர் சப்போர்ட்டின் கீழ்விளிம்பு அப்பளமாக நொறுங்குகிறது. பேட்டரி தட்டுக்குக் கீழே அப்ரானிலும் (இன்ஜின் அறையின் பக்கத் தகரம்) ஓட்டை.

டிங்கரிங் கடையில் காட்டினேன். "தகரத்தை வச்சு ஒட்டி, பட்டி பார்த்து, தார் அடிச்சுத் தாரேன், ஒரே நாள் வேலை" என்றார். இன்னொருவர் எடைக்குப் போடச் சொல்கிறார். மனசு வரவில்லை. எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) பிப்ரவரியில் வருகிறது. என்ன செய்யலாம்?

அம்பை அண்ணாச்சி:
தம்பி, நீங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். அப்ரானும் ரேடியேட்டர் சப்போர்ட்டும் சட்டை மாதிரி. கிழிந்தால் தைக்கலாம், அவசரமில்லை. சேசிஸ் எலும்பு. வலது பக்கச் சட்டத்தில்தான் ஸ்டீயரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டைக்கும் அதற்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம், பால் வாங்கக்கூட.

அப்புறம் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணியாகப் பேசும். இத்துப்போன இடம் தொப்பென்று கேட்கும். அந்த இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் போனதுதான், வருத்தப்படாதீர்கள்.

பனங்காட்டு ரைடர்:
நான் என் பைக் செயினுக்குப் புளித்தண்ணீர் ஊற்றித் துருவை எடுத்தேன், பளபளவென்று வந்தது. அதை முயற்சி செய்யலாமே? ஓட்டைக்கு ஃபைபர் துணி ஒட்டிவிட்டால் தண்ணீரும் போகாது.

பேட்டை வெல்டர்:
ரைடர் தம்பி, கழற்றி எடுத்த போல்டை, கொக்கியைப் புளியில் ஊறப்போடலாம், கழுவித் துடைத்துவிட முடியும். சேசிஸ் சட்டம் நாலு பக்கமும் மூடிய பெட்டி. உள்ளே போன புளிப்பைக் கழுவவே முடியாது, மூலையில் தங்கி மிச்ச இரும்பையும் தின்னும். ஃபைபர் துணி ஓட்டையை மறைக்கும், பாரம் தாங்காது. எஃப்சிக்குப் போகிற வண்டியில் அதைச் செய்வது ஏமாற்று வேலை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தேரிக்காட்டான்:
தட்டிப் பார்த்தேன் அண்ணாச்சி. இடது பக்கம் பரவாயில்லை, ஒரே இடத்தில்தான் சந்தேகம். வலது பக்கம் நாலு வட்டம். ஸ்டீயரிங் பாக்ஸின் முன் போல்டிலிருந்து ஓட்டை ஆறு அங்குலம். பாக்ஸ் பிடித்திருக்கிற இடம் மணியாகத்தான் கேட்கிறது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு கடையில் வண்டியைக் கழுவி அடியில் தார் கோட்டிங் அடித்துக் கொடுத்தார்கள். இப்போது ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் தார் ரப்பர் மாதிரி உரிகிறது, அதற்கடியில் செம்பொடி.

பேட்டை வெல்டர்:
விஷயம் அங்கேதான் இருக்கிறது. உவரி உப்புக்காற்று பன்னிரண்டு வருடம் உள்ளே உப்பைப் பூசிவைத்தது. அதன்மேல் தாமிரபரணி வண்டல் வந்து உட்கார்ந்தது. சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியத் துளைகள் உண்டு, அவற்றைத் தார் மூடிவிட்டது. உப்பு ஈரத்தை இழுக்கும், வண்டல் அதை விடாமல் பிடித்துவைக்கும். மூன்று வாரம் மழை இல்லாமலும் ஈரமாக இருப்பது அதனால்தான். உங்கள் துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. வெளியே தகரம் ஒட்டினால் ஆறு மாதத்தில் தகரத்தின் ஓரத்தில் புது ஓட்டை விழும்.

ஆகவே முதல் வேலை வெல்டிங் இல்லை, மண் எடுப்பது. தாரைச் சுரண்டுங்கள். கடைசிப் பிசுக்குக்கு டீசல் தொட்ட துணி போதும். அடைபட்ட துளைகளைத் திறந்து, பிரஷர் பம்பின் குழாயை உள்ளே விட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அடியுங்கள். நல்ல தண்ணீர், போர் உப்புத்தண்ணீர் வேண்டாம். பிறகு நாலு நாள் வெயிலில் காய வேண்டும். டீசல் துடைத்த இடமும் முழுசாகக் காயாமல் வெல்டிங் பக்கமே போகக்கூடாது.

வெட்டும் முன் வண்டியைச் சமதரையில் ஸ்டாண்டு மேல் நிறுத்தி, முன்பக்கக் குறுக்கு அளவை மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் எடுத்துச் சுவரில் எழுதி வையுங்கள். இரண்டு சட்டத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது. ஒரு பக்கம் முடித்து அளந்த பிறகுதான் அடுத்தது. இத்ததை முழுக்க வெட்டி எறிந்து நல்ல இரும்பு வரும்வரை போங்கள். பாதி துரு மேல் வெல்டிங் பிடிக்காது, பிடித்த மாதிரி காட்டும்.

சேசிஸுக்கு 3 மி.மீ. பிளேட். முதலில் வெட்டிய துண்டின் அளவுக்கே ஒரு துண்டை உள்வாங்கிப் பொருத்துங்கள். அதன்மேல் போடுகிற வலுப்பிளேட்டின் இரண்டு முனையும் வைர வடிவில் கூராக இருக்க வேண்டும். நேராக நறுக்கி, சட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரே கோடு வெல்டிங் போட்டால் மேடுபள்ளத்தில் குலுங்கும்போது அந்தக் கோட்டிலேயே கீறும். அப்ரானுக்கு 18 கேஜ் தகரம். அதில் ராடு வெல்டிங் வைத்தால் பொத்துக்கொள்ளும், சிஓ2 வெல்டிங்தான் (வெல்டிங் மேல் கேஸ் அடித்துக்கொண்டே கம்பி உருக்குவது). புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, சூடு ஆறவிட்டு. ஜிஐ தகரம் (துத்தநாகம் பூசியது) மிச்சம் கிடக்கிறது என்று யாராவது எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். நான் பட்டவன்.

ஆடிக்காற்று வீசும் இடத்தில், திறந்த வெளியில் சிஓ2 வெல்டிங் செய்யாதீர்கள். காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விடும், வெல்டிங் உள்ளுக்குள் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கும். மேலே பார்க்க அழகாகத்தான் இருக்கும். தட்டினால் உதிரும்.

அம்பை அண்ணாச்சி:
வெல்டர் சொன்னதோடு இன்னும் கொஞ்சம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டி என்பதால் இசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) பிளக்கையும் உருவிவிடுங்கள். பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் சட்டத்தை ஒட்டித்தான் போகும், அந்தப் பகுதியில் கழற்றி ஒதுக்கி, பெட்ரோல் பைப்பின் வாயை அடைத்துவிட்டுத்தான் நெருப்பு. பக்கத்தில் ஒரு பக்கெட் மணலும் ஒரு ஆளும் நிற்கட்டும்.

சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தை முதலிலேயே தேடி போட்டோ எடுத்து வையுங்கள். அங்கே கிரைண்டர் படக்கூடாது, எழுத்து மங்கினால் எஃப்சியில் பதில் சொல்லி மாளாது. "வேறு ஜிப்சி சேசிஸ் கிடைக்கும், மாற்றிவிடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால், ஆர்டிஓ அனுமதி வாங்காமல் அந்தப் பேச்சே வேண்டாம். ஒட்டுப்போடுவது வேறு, சேசிஸ் மாற்றுவது வேறு.

கூடங்குளம் காற்றாடி:
வேலை முடிந்ததும் உள்ளே பழைய இன்ஜின் ஆயில் ஊற்றலாமா? எங்கள் பக்கம் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பேட்டை வெல்டர்:
துருவை ஓரளவு தடுக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் புஷ், பாடி மவுண்ட் என்று அடியில் இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிக் குழைந்துவிடும், வண்டி நிற்கிற இடமெல்லாம் கறை. வெளியே எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பெயிண்ட். உள்ளே, வெல்டிங் சூட்டில் கருகிய இடத்துக்கும் சேர்த்து, நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்பிரே. கடைசியில் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள். தார் வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

தேரிக்காட்டான்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வலது சட்டத்திலிருந்து முக்கால் பக்கெட் வண்டல் வந்தது. கறுப்பாக, ஆற்று வாடையோடு. அதற்குள் ஒரு குட்டிச் சோழியும் இருந்தது. அது உவரிச் சரக்காகத்தான் இருக்க வேண்டும், ஆற்றில் சோழி ஏது? அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள்.

தெரிந்தவர் கொட்டகைக்குள் தார்ப்பாய் கட்டி, காற்று புகாமல் வைத்து வெல்டிங் செய்தோம். வெட்ட வெட்டக் கூடிக்கொண்டே போய் ஒன்பது அங்குலம் எடுத்துவிட்டோம். ஸ்டீயரிங் பாக்ஸுக்கு மூன்று அங்குலம் முன்னால் நல்ல இரும்பு வந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது. குறுக்கு அளவு வெட்டும் முன் எழுதியதற்கும் இப்போதைக்கும் 2 மி.மீ. வித்தியாசம். இது போதுமா, இன்னும் இழுக்க வேண்டுமா?

பேட்டை வெல்டர்:
போதும். டேப் பிடிக்கிற கை ஆடினாலே அவ்வளவு வரும். பிரைமர் அடிப்பதற்கு முன்னால் வெல்டிங் ஓரத்தை ஒரு போட்டோ போடுங்கள். இடது பக்கத்தில் அந்தச் சந்தேக வட்டத்தையும் குத்திப் பாருங்கள், மண் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

தேரிக்காட்டான்:
சனிக்கிழமை இடது பக்கம். பக்கெட் தயார்.