வேதாகமமும் ராசிக்கட்டமும்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

பின்வரிசை
2017 செப்டம்பர் 23 சமாச்சாரம் ஞாபகம் இருக்கும்: வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் அடையாளம் அன்று வானத்தில் தெரியும், கடைசிக் காலம் வந்துவிட்டது என்று ஒரு பேச்சு பரவியது. அதற்கு முந்தைய வாரம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். வந்திருந்த சகோதரர் சுவரில் வான வரைபடத்தைக் காட்டி, வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தை அதன் மேல் பொருத்திக்கொண்டே போனார். சூரியனை அணிந்து, பன்னிரண்டு நட்சத்திரக் கிரீடத்தோடு கர்ப்பிணியாக ஒரு ஸ்திரீ அதில் வருவாள். கன்னி ராசிதான் அந்த ஸ்திரீ, சூரியன் அவள் மேல், சந்திரன் பாதத்தில். சிம்மத்தின் ஒன்பது நட்சத்திரத்தோடு புதன், செவ்வாய், வெள்ளி சேர்ந்து பன்னிரண்டு, அதுதான் கிரீடம். வியாழன் ஒன்பது மாதம் வயிற்றுக்குள் சுற்றிவிட்டு வெளியே வருகிறதாம். எல்லோரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் பக்கத்தில் இருந்த வயதான அம்மா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்தச் சாஸ்திரிகளும் நட்சத்திரத்தப் பார்த்துட்டு நேரா ஏரோதுகிட்டதானே போனாங்க? அதுக்கப்புறம் பெத்லகேம்ல செத்தது யாரு?"

சகோதரர் புன்னகைத்து அடுத்த படத்துக்குப் போய்விட்டார். 23ஆம் தேதி வந்தது, போனது. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. இயேசு பிறந்ததைச் சாஸ்திரிகள் மூலம் அறிந்த ஏரோது ராஜா பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொன்றதைச் சொல்லும் மத்தேயு 2 வாசிக்கும்போதெல்லாம் காதில் அந்தக் குரல்தான்.

தொலைநோக்கி
அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினார்கள். சூரியன் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் கன்னிக்குள் வரும். சந்திரன் மாதம் ஒரு தடவை அந்தப் பக்கம் போகும். வியாழன் சுமார் 12 வருஷத்துக்கு ஒருமுறை வந்து தங்கும். சிம்மத்தில் வெறும் கண்ணுக்கே ஒன்பதுக்கும் மேல் தெரியும். எண்ணிக்கை வேண்டும் என்பதற்காக ஒன்பதில் நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

என் அனுபவம் வேறு. ரயிலில் எதிர் இருக்கையில் ஒருவர், தொழிலே ஜோசியம். மடியில் வேதாகமம், யோபு 38 திறந்திருந்தது. "ராசிகளை அதனதன் காலத்தில் உன்னால் வரப்பண்ண முடியுமா" என்று கடவுள் யோபுவைக் கேட்கும் இடத்தில் விரலை வைத்தார். "இதுக்குப் பதில் 'முடியாது'தானே, நீங்க எப்படி இதத் தொழிலா வச்சிருக்கீங்க?" என்றேன். "வரப்பண்றது அவர் வேலை சார். வர்றதப் பார்த்துச் சொல்றது என் வேலை" என்றார். எனக்கு ஜோசியத்தில் துளி நம்பிக்கை இல்லை. ஆனால் சட்டென்று மறுத்துப் பேச ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் எரிச்சல்.

சாட்சி
தொலைநோக்கி, மறுத்துப் பேச ஏன் தோன்றவில்லை? ஏசாயா 47:13 பாருங்கள். பாபிலோனின் நட்சத்திரம் பார்க்கிறவர்களைக் கூப்பிட்டு, முடிந்தால் உன்னை ரட்சிக்கட்டும் என்று கேலியே செய்கிறது. எரேமியா 10:2, வானத்தின் அடையாளங்களுக்குக் கலங்காதே என்கிறது. 2 இராஜாக்கள் 23:5இல் யோசியா ராஜா கிரகங்களுக்குத் தூபம் காட்டியவர்களையே அகற்றினான்.

என் கதை சின்னது. நண்பன் ஒருவன் தன் ஜாதகத்தை என் கையில் கொடுத்து "நீயே கிழி" என்றான். கிழித்தேன். அவன் முகம் வெளுத்துப்போனது.

ஆகவே, இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: வீட்டில் இருந்தால் வைத்திருக்காதீர்கள். எபேசு பட்டணத்தில் புதிதாக விசுவாசித்தவர்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்தபோது மதிப்பு 50,000 வெள்ளிக்காசு, விலையைப் பார்த்து யாரும் தயங்கவில்லை. தினப்பலனையும் "சும்மா பார்க்கிறேன்" என்று பார்க்காதீர்கள். பழைய திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்டினும் இளமையில் ஜோசியத்தை நம்பியவர்தான். அவரை அசைத்தது நண்பன் பிர்மீனுஸ் சொன்ன கதை: வசதியான வீட்டில் பிர்மீனுஸ் பிறந்த அதே நேரத்தில் அவன் தந்தையுடைய நண்பர் வீட்டு அடிமைப்பெண்ணுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. ஒரே ஜாதகம். இவன் செல்வந்தனாக வளர்ந்தான், அவன் கடைசிவரை அடிமை. காலையில் எழுந்ததும் முதலில் ஒரு சங்கீதம் வாசியுங்கள், அப்புறம்தான் போனைத் தொடுங்கள். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள்.

இரண்டாமவள்
சாட்சி அண்ணா, போன் ஆலோசனை யாரும் கேட்கவில்லையே :)

நான் இரட்டையரில் இளையவள். அக்கா கன்னியாஸ்திரீ, நான் ஞாயிறுதோறும் ராசிபலன் படிக்கிறவள். ஒருமுறை "இந்த வாரம் வெளியூர்ப் பயணம், புதிய பொறுப்பு" என்று போட்டிருந்தது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் அக்கா போன் செய்து, தன்னை வேறு மடத்துக்கு மாற்றி அங்கே பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். பலனை வாசித்துக் காட்டினேன். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. "ஏசாவுக்கு வந்தத யாக்கோபு எடுத்துக்கிட்டான்டி" என்றாள். இரட்டையரை வைத்து ஜோசியத்தை மறுத்தபோது அகஸ்டின் காட்டியதும் வேதாகமத்து இரட்டையரான அந்த இருவரைத்தான், அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தைத் தம்பி யாக்கோபு தட்டிக்கொண்ட கதை. அக்காவுக்கு அது தெரியுமா என்று இன்னும் கேட்கவில்லை.

பயணி
இஸ்ரேலில் பெத் ஆல்பா போனவர்கள் இருக்கிறீர்களா? 6ஆம் நூற்றாண்டு யூத ஜெபாலயத்தின் மொசைக் தரை. வாசல் பக்கம் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சி, மேலே வேதச்சுருள் வைக்கும் திருப்பேழை, நட்ட நடுவில் பன்னிரண்டு ராசிகள், மையத்தில் தேரில் சூரியன்! எங்கள் குழுவைக் கூட்டிப்போனவர் ஈசாக்கைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். ராசி வட்டத்தைக் காட்டி ஒரு சிறுவன் "இது என்ன?" என்று கேட்டதும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடந்துவிட்டார்.

தொலைநோக்கி
அங்கே நான்கு மூலையில் இருக்கும் பருவங்கள் பக்கத்து ராசிகளோடு பொருந்தாது, கவனித்தீர்களா? கணிக்கிறவன் போட்ட தரை மாதிரி இல்லை.

சாட்சி
எதற்குப் போட்டிருந்தாலும் ஜெபாலயத்துக்குள் அது எதற்கு?

பயணி
அதைத்தான் அந்தப் பையனும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தான்.