உல்ஃப்பெர்ட் வாள்களில் இருப்பது நம் நாட்டு உருக்கா?

கேள்வி (நெடுவழி):

அனைவருக்கும் வணக்கம். பண்டைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் ஏந்திய, உல்ஃப்பெர்ட் என்ற பெயர் பொறித்த வாள்கள் தமிழகத்திலிருந்து சென்ற உருக்கினால் அடிக்கப்பட்டவை என்றொரு செய்தி அண்மையில் எங்கள் உறவினர் குழுவில் பகிரப்பட்டது. அந்த வாள்களில் சிலவற்றின் உருக்கு அக்கால ஐரோப்பாவில் காணக் கிடைக்காத தூய்மை உடையது என்று ஆய்வாளர் ஒருவர் கூறியதை முன்பே படித்திருந்ததால், செய்தியை முற்றிலும் ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சான்று எதுவும் தரப்படாததால் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. அந்த வாள்களைச் செய்தவர் யார், அவற்றின் உருக்கைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு, நம் பக்கத்துத் தொடர்பு எந்த அளவுக்கு உண்மை என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். வாளின் நடுவே ஓடும் பள்ளம் குருதி வடிவதற்காக வெட்டப்பட்டது என்றும் அதே செய்தியில் இருந்தது. அதுவும் சரிதானா?

மறுமொழி (உலைக்களம்):

உலோகவியல் கற்பித்தவன் என்ற முறையில் உருக்கைப் பற்றிய பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன். வரலாற்றை அறிந்தவர்கள் மற்றதைச் சொல்லட்டும்.

இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும். 9, 10-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் உலைகள் இரும்பை அந்த நிலைக்குக் கொண்டுசென்று உருக்கவில்லை. தாதுவையும் மரக்கரியையும் அடுக்கித் துருத்தியால் ஊதும்போது, இரும்பு உருகாமலேயே தாதுவிலிருந்து பிரிந்து, கசடு கலந்த கடற்பஞ்சு போன்ற கட்டியாக உலையின் அடியில் திரளும். அதைச் சூட்டோடு எடுத்துத் திரும்பத் திரும்பச் சம்மட்டியால் அடித்துத்தான் கசடை வெளியேற்றினார்கள். எவ்வளவு அடித்தாலும் நுண்ணிய கசடு இழைகள் உள்ளே தங்கிவிடும். ஒரே கட்டியில் ஓரிடம் கரிமம் ஏறிய உருக்காகவும் மற்றோரிடம் மெல்லிரும்பாகவும் இருக்கும். இந்தச் சீரின்மையைச் சமாளிக்கவே, பல கம்பிகளை முறுக்கிச் சேர்த்துப் பற்றவைத்து, விளிம்புக்கு மட்டும் நல்ல உருக்கை வைக்கும் முறையை முந்தைய நூற்றாண்டுகளின் கொல்லர்கள் கையாண்டார்கள். இங்கிலாந்தின் சட்டன் ஹூ கப்பற்புதையலில் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டு வாள் அந்த முறையில் செய்யப்பட்டது. அதில் தெரியும் நெளிவுக்கோலம் வேறு, மூசை உருக்கில் அடித்த கிழக்கத்திய தமாஸ்கஸ் வாளின் நீரலைக் கோலம் வேறு. இன்று கடைகளில் தமாஸ்கஸ் என்ற பெயரில் விற்கும் கத்திகளில் பெரும்பாலானவை பல தகடுகளை அடுக்கிப் பற்றவைத்தவையே என்பதால், இரண்டையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் பரவலாக இருக்கிறது.

மூசை உருக்கு இதற்கு நேர்மாறானது. இரும்புத் துண்டுகளைக் கரிமம் தரும் பொருளோடு மூசை எனப்படும் சிறு களிமண் கலத்தில் இட்டு மூடி, நெடுநேரம் கடுஞ்சூட்டில் வைத்தால், இரும்பு கரிமத்தை உறிஞ்ச உறிஞ்ச அதன் உருகுநிலை தாழும். முடிவில் முழுவதும் உருகிவிடும். உருகிய உலோகத்தின் மேலே கசடு மிதந்துவிடுவதால், ஆறியபின் கிடைக்கும் கட்டி கசடற்றதாகவும் உள்ளும் புறமும் ஒரே தன்மை உடையதாகவும் இருக்கும். ஐரோப்பாவில் இந்த வழியில் உருக்கு செய்யும் தொழில், 1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் தொடங்கிய பிறகே நிலைபெற்றது.

இலண்டனின் வாலஸ் சேகரிப்பகத்தோடு தொடர்புடைய ஆலன் வில்லியம்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சில உல்ஃப்பெர்ட் வாள்களின் உருக்கில் கரிமம் ஏறத்தாழ 1 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பதையும், அவற்றில் கசடு மிகக் குறைவாக இருப்பதையும் காட்டி, அது மூசை உருக்காகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். எழுத்து அமைப்பையும் அவர் இதனோடு இணைத்தார். +VLFBERH+T என்று இறுதி எழுத்துக்கு முன்னால் சிலுவைக்குறி இட்ட வாள்களில் நல்ல உருக்கு மிகுதி என்பதும், +VLFBERHT+ என்று சிலுவைக்குறி பெயருக்குப் பின்னால் போனவற்றில் தாழ்ந்த தரமே மிகுதி என்பதும் அவர் கண்ட ஒழுங்கு. புகழ்பெற்ற ஒரு பெயரைப் பிறர் போலியாகப் பொறித்ததன் அடையாளமாக அவர் இதைக் கொண்டார்.

என் மதிப்பீட்டில், சில வாள்களில் இருப்பது உயர்கரிம உருக்கு என்பது உறுதி. அது மூசையில் உருகியதுதான் என்பது வலுவான ஊகம். அந்த மூசை எந்த நாட்டில் இருந்தது என்பதை நுண்ணோக்கிப் படம் காட்டாது. சாதாரண ஊதுலையிலும் சில வேளைகளில் உயர்கரிமக் கட்டி கிடைப்பதுண்டு. திறமையான கொல்லர் அதைத் தனியே பிரித்துச் சேர்த்து வைத்திருக்க முடியும். கரிமம் மிகுந்த உருக்கை வெண்மையாக ஒளிரும் அளவுக்குக் காய்ச்சி அடித்தால் அது உடைந்து சிதறும். தாழ்ந்த சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டும். வில்லியம்ஸ் ஆராய்ந்த அந்த வாள்களில், நீரில் தோய்த்துப் பதம் ஏற்றாமல் காற்றில் ஆறவிட்டதே தெரிகிறது. உருக்கு எங்கிருந்து வந்திருந்தாலும், அதன் குணத்தை நன்கறிந்த கை ஒன்று அதை வாளாக்கியிருக்கிறது.

பள்ளத்தைப் பற்றி: குருதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அலகின் அகலத்தையும் விறைப்பையும் குறைக்காமல் எடையைக் குறைப்பதற்கானது அது. அக்கால ஒருகை வாள்கள் பொதுவாக 1 கிலோவுக்குச் சற்று முன்னும் பின்னுமே இருந்தன.

மறுமொழி (பழஞ்சுவடி):

உலைக்களம் ஐயா பெயர்ப்பொறிப்பைத் தொட்டதால், நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உல்ஃப்பெர்ட் என்பது ஃபிராங்கியப் பெயர். ஃபிராங்கியர் என்போர் இன்றைய பிரான்சையும் மேற்கு ஜெர்மனியையும் ஆண்ட மக்கள். ஸ்காண்டிநேவியரான வைக்கிங்குகளின் எதிரிகளாகவும் வணிகத் தொடர்புடையவர்களாகவும் ஒரே காலத்தில் இருந்தவர்கள். அந்தப் பெயர் பொறித்த வாள்கள் 170 அளவில் கிடைத்துள்ளன. அவை 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 11-ஆம் நூற்றாண்டு வரை பரவிக் கிடப்பதால், ஒரே மனிதர் எல்லாவற்றையும் செய்திருக்க வழியில்லை. ஒரு பட்டறையின் பெயராகவோ, தலைமுறைகள் கடந்து வந்த அடையாளக் குறியாகவோ அதைக் கொள்ள வேண்டும். பெயருக்கு முன் சிலுவைக்குறி இடுவது அக்காலத்தில் ஆயர்களும் மடாதிபதிகளும் கையொப்பமிடும் வழக்கம் என்பதால், உல்ஃப்பெர்ட் கொல்லர் அல்லர், படைக்கலத் தொழிலை மேற்பார்த்த திருச்சபைப் பெரியவர் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. பெரிய மடங்கள் பட்டறைகளை வைத்து அரசனுக்குப் படைக்கலம் அளித்த காலம் அது. எனக்கு இந்தக் கருத்தே மிகவும் பொருந்துவதாகப் படுகிறது.

எழுத்துகள் அலகில் வெறுமனே கீறப்பட்டவை அல்ல. அலகைச் சூடேற்றி, எழுத்தின் வடிவில் வரித்தடம் வெட்டி, அதில் இரும்புக் கம்பித் துண்டுகளை வைத்து அடித்துப் பற்றவைத்திருக்கிறார்கள். துரு மூடிய வாளில் இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. சோவியத் தொல்லியலாளர் அனத்தோலி கிர்ப்பிச்னிகோவ் 1960-களில் அருங்காட்சியகங்களில் கிடந்த வாள்களை எடுத்துத் துப்புரவு செய்து பார்த்தபோதுதான், கிழக்கு ஐரோப்பாவில் கிடைத்த பல வாள்களில் இத்தகைய பெயர்கள் இருப்பது வெளிப்பட்டது. உக்ரைனில் கிடைத்த ஒரு வாளில் சிரில்லிய எழுத்தில் லியுதோத்தா என்ற கொல்லரின் பெயரையும் அவர் படித்தார். பல்லாண்டுகளாக நிலைப்பேழையில் கிடந்த இரும்பிலிருந்து ஒரு கைவினைஞரின் பெயர் எழுந்து வந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது.

ஃபிராங்கிய வாள் என்றால் ஸ்காண்டிநேவியக் கல்லறைகளில் அவ்வளவு கிடைப்பது ஏன் என்று கேட்கலாம். கிறித்தவரான ஃபிராங்கியர் அந்தக் காலத்தில் இறந்தவருடன் படைக்கலத்தைப் புதைப்பதை விட்டுவிட்டார்கள். வட நாட்டார் விடவில்லை. ஆகவே ஒரு வாள் எங்கே மிகுதியாகக் கிடைக்கிறது என்பது, அதைச் செய்த இடத்தைவிடப் புதைத்த வழக்கத்தையே மிகுதியாகக் காட்டுகிறது. வாள்கள் எல்லை கடந்து போவதை ஃபிராங்கிய அரசர்கள் விரும்பவில்லை என்பதற்குச் சட்டங்களே சான்று. பேரரசர் சார்லமேன் 805-இல் கிழக்கு எல்லைக்கு அப்பால் வாழ்ந்த ஸ்லாவியருக்கும் அவாரியருக்கும் படைக்கலம் கொண்டுசெல்லக் கூடாது என்று வணிகர்களைத் தடுத்தார். அவருடைய பேரன் வழுக்கைச் சார்லஸ் 864-இல் பீத்ர் என்ற ஊரில் வெளியிட்ட ஆணையில், வடவருக்கு, அதாவது வைக்கிங்குகளுக்கு, கவசமோ படைக்கலமோ குதிரையோ கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று விதித்தார். விற்பனை தொடர்ந்து நடந்திராவிட்டால் இவ்வளவு கடுமையான ஆணை தேவைப்பட்டிருக்காது.

அரபு மொழியிலும் இரண்டு சான்றுகள் உள்ளன. பாக்தாதின் மெய்யியலாளர் அல்-கிந்தி 9-ஆம் நூற்றாண்டில் கலீஃபாவுக்காக வாள்களைப் பற்றி எழுதியபோது, ஃபிராங்கிய வாள் பிடியருகே அகன்று நுனியில் குறுகும் என்றும், அதன் நடுவே அகன்ற பள்ளம் தெளிந்த ஆறு போல ஓடும் என்றும் விவரித்தார். 922-இல் வோல்கா ஆற்றங்கரையில் ஸ்காண்டிநேவிய வழிவந்த ரூஸ் வணிகர்களை நேரில் கண்ட அரபுப் பயணி இப்னு ஃபத்லான், அவர்கள் ஏந்தியிருந்தவை அகன்று பள்ளம் ஓடிய ஃபிராங்கிய வாள்கள் என்றே குறித்தார்.

கடைசியாக, 2012-இல் ஜெர்மனியில் கிரோசன்வீடன் ஊருக்கு அருகே வேசர் ஆற்றுச் சரளையிலிருந்து ஓர் உல்ஃப்பெர்ட் வாள் எடுக்கப்பட்டது. ஹனோவரில் நடந்த பகுப்பாய்வில், அதன் இரும்பிலுள்ள மாங்கனீசின் அளவு கிழக்கத்தியத் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை என்றும், கைப்பிடியிலிருந்த ஈயம் ரைன் ஆற்றை ஒட்டிய தாவுனுஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது என்றும் அறிந்தார்கள். இது ஒரு வாளைப் பற்றிய முடிவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், உல்ஃப்பெர்ட் வாள் என்றாலே கிழக்கின் உருக்கு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அது போதுமானது.

நெடுவழி:

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. கல்லறை வழக்கத்தைப் பற்றிய விளக்கம், நான் இதுவரை கருதியிருந்ததையே மாற்றிவிட்டது. ஒன்றை மட்டும் மேலும் அறிய விரும்புகிறேன். சில வாள்களிலாவது கிழக்கின் மூசை உருக்கு இருந்தது என்று வைத்துக்கொண்டால், அது எந்த வழியாகச் சென்றிருக்கும்? அந்த வழியின் மறுமுனையில் தென்னிந்தியா இருந்திருக்க வாய்ப்பு உண்டா?

மறுமொழி (மூசை):

வழி இருந்தது என்பதில் ஐயமே இல்லை. வோல்கா வழியாகக் காஸ்பியன் கடல் வரை சென்ற ரூஸ் வணிகர்கள் தோலும் அடிமைகளும் வாள்களும் விற்று திர்ஹம் என்ற அரபு வெள்ளி நாணயங்களைப் பெற்றுத் திரும்பினார்கள். சுவீடனின் கோட்லாந்து தீவில் 1999-இல் கண்டெடுத்த ஸ்பில்லிங்ஸ் புதையலில் மட்டும் 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இசுலாமிய அரசுகளின் நாணயங்கள். அதே நாட்டின் ஹெல்யோ தீவில், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்க்கப்பட்ட சிறிய வெண்கலப் புத்தர் உருவம் ஒன்று 1956-இல் கிடைத்தது. புத்தர் சென்ற வழியில் உருக்குக் கட்டி செல்லத் தடை எதுவும் இல்லை.

ஆனால் அந்த வழியில் மூசை உருக்கு செய்த இடங்கள் தென்னிந்தியாவைவிட மிகவும் அருகிலேயே இருந்தன. இன்றைய துருக்மெனிஸ்தானின் மெர்வ் நகரில் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த மூசை உருக்குப் பட்டறையை அகழ்ந்திருக்கிறார்கள். உஸ்பெகிஸ்தானின் ஃபெர்கானா பள்ளத்தாக்கிலுள்ள அக்சிகெத்திலும் அந்தத் தொழில் பெரிய அளவில் நடந்தது. காலமும் பொருந்துகிறது, வெள்ளி நாணயங்கள் வந்த வழியும் பொருந்துகிறது. ஆகவே கிழக்கின் உருக்கு வடக்கே போயிருந்தால், அது நடு ஆசியாவிலிருந்து போயிருக்க வேண்டும் என்று கருதுவதே நேரிய முடிவு. தமிழகத்தின் உருக்கு ஓர் உல்ஃப்பெர்ட் வாளில் இருப்பதாக இதுவரை எந்தப் பகுப்பாய்வும் காட்டவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஏனெனில் நம் பக்கத்து உண்மைக் கதையே மிகப் பெரியது.

தமிழகத்தில் மேல்சிறுவளூரில் மூசை உருக்கு செய்த தடயங்கள் கிடைத்துள்ளன. கொடுமணலில் இரும்புத் தொழில் நடந்த உலைகள் அகழப்பட்டுள்ளன. தெலங்கானாவின் ஊர்களில் இந்தத் தொழில் 19-ஆம் நூற்றாண்டு வரையிலும் நடந்தது. இலங்கையின் சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகள் வரிசை வரிசையாகக் கண்டறியப்பட்டன. அல்-கிந்தி தம் நூலில் சரந்தீப் என்று இலங்கையைக் குறித்து, அங்கிருந்து வந்த உருக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அதாவது 9-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் வாள்களைத் தரம்பிரித்தவருக்கு, ரைன் கரையின் வாளும் தெரிந்திருந்தது, இலங்கையின் உருக்கும் தெரிந்திருந்தது; இரண்டையும் அவர் வெவ்வேறு வகைகளாகவே வைத்தார் என்பது இந்த விவாதத்துக்கு மிகவும் பொருத்தமான செய்தி.

தென்னிந்திய உருக்குக்கு ஐரோப்பியர் இட்ட வூட்ஸ் என்ற பெயர் 1795-இல் இலண்டனில் அச்சேறிய கட்டுரையில் வந்தது. கன்னட உக்கு, தமிழ் உருக்கு ஆகிய சொற்களோடு அதை அறிஞர்கள் இணைக்கிறார்கள். பின்னர் மைக்கேல் ஃபாரடே, மின்சார ஆய்வுகளில் புகழ்பெறுவதற்கு முன்பே, இந்த உருக்கின் இரகசியத்தைத் தேடி உலோகக் கலவைகளைச் சோதித்தார். உங்கள் உறவினர் குழுவுக்கு எழுதும்போது, வைக்கிங்கின் வாளை விட்டுவிட்டு இந்தப் பகுதியை எழுதலாம் என்பது என் கருத்து. உல்ஃப்பெர்ட் என்ற பெயர் ரைன் கரைக் கொல்லர்களுடையது; அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

நெடுவழி:

அவ்வாறே எழுதுகிறேன். மேல்சிறுவளூரைப் பற்றி இதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே கிடைத்த மூசைத் துண்டுகள் எப்படி இருக்கும் என்பதையும் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.